மகன் சொன்னால் கிளம்பும் கார்

மதலேனின் கார் மெக்கானிக் சொன்னால் கேட்காது. மகன் சொன்னால் கேட்கும். நெல்லித்தோப்பில் அவள் தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஏனென்றால் தெரியாதவர் யாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. போன இடத்தில் காரை நிறுத்தியிருப்பாள், திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இருக்காது. உடனே பிரான்சில் இருக்கும் மகன் தியரிக்கு வாட்ஸ்அப்பில் போன் போடுவாள். அவன், "பதட்டப்படாதம்மா. பத்து நிமிஷம் சும்மா உக்காரு, மூச்ச நல்லா இழுத்து வுடு, அப்புறம் சாவியப் போடு" என்பான். அவளும் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்புவாள். கார் சமர்த்தாகக் கிளம்பிவிடும். எம்புள்ள அங்கேர்ந்து சொல்றான், இது இங்க கேக்குது என்று மீன்காரியிலிருந்து பங்குச் சாமியார் வரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

பெற்றவள் பெருமைப்பட்டால் யார் என்ன சொல்ல முடியும்? கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டார்கள்.

அவள் வாழ்க்கையில் இப்படிப் பீற்றிக்கொள்ள அதிகம் வாய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். பிரெஞ்சில் படித்தாள், பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தாள். கட்டிக்கொண்டவர் ஆலேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. ஊருக்கெல்லாம் நல்லவர், வீட்டில் மட்டும் பட்டாளத்தை விட்டு வராதவர். காப்பி இத்தனை மணிக்கு, சட்டை இந்த மடிப்பில், சத்தம் இந்த அளவில். கார் வாங்கினார், ஆனால் அதன் கதவை அவள் சாத்தினால்கூட மறுபடி திறந்து தானே ஒரு முறை சாத்துவார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்து கண்ணைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், நாற்பது வயதுக்கு மேல் மதலேன் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். காலேஜ் பையன்களுக்கு நடுவே கொண்டையும் கைப்பையுமாக உட்கார்ந்து கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டாள். பக்கத்துச் சீட்டில் ஆலேன் கண் தெரியாமல் உட்கார்ந்து, காதால் கேட்டே அவளை அதட்டுவார். கியரை மாற்று, இஞ்சின் அழுகிறது என்பார்.

அவர் போன பிறகு முதல் தடவையாகத் தனியாகக் காரை எடுத்தாள். பக்கத்தில் அதட்ட ஆளில்லை. எங்கே போகிறாய் என்று கேட்கவும் ஆளில்லை. அன்றைக்குக் கடலூர் ரோட்டில் போய், காரணமே இல்லாமல் ஓர் இடத்தில் ஓரங்கட்டி இளநீர் குடித்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறபோது அந்தக் காரின் மேல் அவளுக்கு இருந்த ஆசை புரியும்.

அறுபதைத் தாண்டியும் ஓட்டினாள். ஆசைக்கு மட்டும் இல்லை. முதலியார்பேட்டையில் இருக்கும் பார்வதி, பள்ளிக்கூட ஆபீசில் அவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தவள். பார்வதிக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் மதியத்தில் டயாலிசிஸ். முடிந்து வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவாள். ஆட்டோ குலுக்கலில் அவளுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் கூட்டிப்போய்க் கூட்டிவருவது மதலேன்தான். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்பது வயதான காலத்தில் எவ்வளவு பெரிய தெம்பு.

தியரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடு என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஊர்க் குளிரில் கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தவள் அவள், மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியானால் காரையாவது விடு என்றான். ஒரு நாள் சந்தில் திருப்பும்போது வாசல் தூணில் உரசிவிட்டதைச் சிரித்துக்கொண்டே அவனிடம் சொன்னதும் அவள்தான். எதையும் மகனிடம் மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. காலையில் என்ன குழம்பு, மாலையில் யார் வந்தார்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆகஸ்ட் லீவில் வந்தவன் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தான். கடலூர் ரோட்டுப் பக்கம் எங்கோ ஒரு பட்டறைக்குத் தானே எடுத்துப்போய், தட்டி நிமிர்த்தி, பாலிஷ் போட்டுப் புதுப்பெண்ணாகக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் ஊருக்குப் போன அடுத்த மாதம் தொல்லை ஆரம்பித்தது.

முதல் தடவை ஆஸ்பத்திரி வாசலில். பார்வதியைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரிந்தது, ஹாரன் அடித்தது, ஆனால் இஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் வாயே திறக்கவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பார்வதி பின்னால் கண்ணை மூடிக்கொண்டு, பரவாயில்ல மதலேன், அவசரமில்ல என்று முனகினாள். மதலேன் மகனுக்குப் போன் போட்டாள். பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னான். பொறுத்தாள், கிளம்பியது. பெருமைக் கதை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் முதலியார்பேட்டையில் சாமிக்கண்ணு பட்டறைக்குப் போனாள். சாமிக்கண்ணு கார்களுக்கு வயரிங் பார்க்கிற ஆள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் தம்பிகள் கரும்பு போட, இவர் மட்டும் டவுனுக்கு வந்து கரண்ட் பார்க்கிற டெஸ்ட் லைட்டைப் பிடித்தவர். கைவேலை பரவாயில்லை, வாய் அதைவிடப் பெரிது. வண்டி சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவேன் என்பார். ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியை யாரும் சரிபண்ணலாம். நினைத்தால் நின்று நினைத்தால் ஓடுகிற வண்டிதான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும். பட்டறையில் சாவியைத் திருப்பினால் கார் முதல் திருப்பிலேயே சீறியது. மறுபடி, மறுபடி, எத்தனை தடவை திருப்பினாலும் சீறியது. சாமிக்கண்ணு பேட்டரியைச் சோதித்தார், முனைகளைச் சுரண்டித் துடைத்தார், எர்த் வயரை மாற்றினார், இனி ஜென்மத்துக்கும் நிற்காது என்று அனுப்பிவைத்தார்.

அந்த வாரமே நின்றது, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில். மாலைப் படகு மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள் சாவியைத் திருப்பினாள், மூச்சில்லை. மீன்காரிகள் நாலு பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளினார்கள். தள்ளினால் உடனே கிளம்பிவிட்டது. இஞ்சினில் கோளாறில்லை, செல்ஃப்தான் என்று சாமிக்கண்ணு முடிவுகட்டி, அதைக் கழற்றி உள்ளே தேய்ந்துபோகிற கார்பன் கட்டையை மாற்றினார். பிறகும் நின்றது. சாவி போடுகிற சுவிட்சையே மாற்றினார். பிறகும் நின்றது. ஒவ்வொரு தடவையும் மகனுக்குப் போன், பத்து நிமிடம், ஜெபம், சாவி. உங்க புள்ள குரல ரெக்கார்டு பண்ணி வண்டியில வெச்சிடலாம் மதாம் என்று சாமிக்கண்ணு கிண்டல் பண்ணினார்.

கிண்டலுக்கு நடுவே அவர் ஒன்றைக் கவனித்தார். வண்டி காலையில் ஒரு நாளும் நின்றதில்லை. பூசைக்குப் போனாலும், காய்கறிக்குப் போனாலும், காலை என்றால் ஒழுங்கு. மதியம் ஆனால்தான் சேட்டை. "வெயில்தான் மதாம். சூடு ஏறினா செல்ஃப் உள்ள இறுகிப் பூடுது. ஆறினா சரியாவுது. அதான் பத்து நிமிசம்" என்று கண்டுபிடித்ததைப் போலச் சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! மதலேன் அன்றிலிருந்து காரில் ஒரு சாக்கும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துப்போனாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் சாக்கை நனைத்து பானெட்டின் மேல் விரித்துவிட்டுத்தான் பார்வதியை உள்ளே அழைத்துப்போவாள். வாட்ச்மேன் ஒரு நாள், வண்டிக்கு அம்மை போட்டிருக்கா மேடம் என்று கேட்டான். அவளும் சிரித்தாள்.

சாக்கு போட்டும் நின்றது. அப்போதுதான் தியரி மெதுவாக ஆரம்பித்தான். மெக்கானிக் இத்தனை பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால், காரில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? சாவியை முழுசாகத் திருப்புகிறாயா, பாதியில் விட்டுவிடுகிறாயா? போன வாரம் சொன்னதையே மறுபடி சொல்கிறாய் அம்மா, கவனித்தாயா? ஒரு டாக்டரைப் பார்த்துவிடேன். கோபமில்லாமல், அன்பாகத்தான் கேட்டான். அந்த அன்பிலேயே அவள் பயந்துபோனாள். சாவியைத் திருப்பும்போது தன் கையையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள். ஒன்றிரண்டு பெயர்கள் நாக்கில் வராமல் நின்றபோது, எல்லாருக்கும் நிற்பதுதான் அது, அவள் மட்டும் அவற்றைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்தாள்.

டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். மதலேனுக்குத் தமிழில் பேச வரும், சண்டை வரும், கணக்கு வராது. சிறு வயதில் பிரெஞ்சில் மனப்பாடம் பண்ணிய கணக்கு அவளுக்குப் பிரெஞ்சில்தான் ஓடும். பிரெஞ்சில் முணுமுணுத்துத் தமிழில் பதில் சொல்வதற்குள் எங்கோ நழுவிவிட்டது. டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை, இந்த வயதில் கொஞ்சம் அப்படித்தான் என்றார். அவள் காதில் ‘இந்த வயதில்’ மட்டும் விழுந்தது. வாசலுக்கு வந்து காரில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டு அழுதாள். எனக்குப் புத்தி போய்க்கிட்டிருக்குடா தியரி என்று அழுதாள். அவன், "அழாதம்மா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கார வுட்டுடு, எல்லாம் சரியாப் போவும்" என்றான்.

விட்டுவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். கிறிஸ்துமசுக்கு அவன் வரும்போது காரை விற்றுவிடலாம் என்று பேச்சாயிற்று. பார்வதி வீட்டுக்குப் போய், இனிமேல் என்னை நம்பாதே, வழியில் உன்னை வைத்துக்கொண்டு நான் ஏதாவது பண்ணிவிட்டால் பாவம் என்று சொன்னாள். பார்வதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவை ஆட்டோவில் போய், திரும்பும்போது வழியெல்லாம் வாந்தி எடுத்தாள் என்று மதலேனுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. வெயிலைக் கண்ணால் பார்த்து நாளாகியிருந்த ஒரு மதியம், மனசு கேட்காமல் மதலேன் காரை எடுத்துக்கொண்டு பார்வதியைப் பார்க்கப் போனாள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், கார் வாயே திறக்கவில்லை. பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிரிட்ஜில் வைத்த சட்டி மாதிரி சில்லென்று இருந்தது. வழக்கம்போல மகனைக் கூப்பிடப் போனவளுக்குச் சாமிக்கண்ணு முன்பே சொல்லிவைத்தது ஞாபகம் வந்தது. அடுத்த தடவை நின்றால் யாரையும் தள்ளவிடாதீர்கள், யாருக்கும் போன் பண்ணாதீர்கள், முதலில் என்னைக் கூப்பிடுங்கள், நின்றது நின்றபடி நான் பார்க்கவேண்டும் என்றிருந்தார். இத்தனை நாள் ஓடுகிற வண்டியைப் பார்த்துத்தான் வைத்தியம் பண்ணியிருக்கிறோம் என்று அவருக்கும் ஒருவழியாக உறைத்திருந்தது. அவரைக் கூப்பிட்டாள். பட்டறை பக்கத்துத் தெருதான். ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தார்.

அவரும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப சூடு இல்ல மதாம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சின்ன வயரில் டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டு, அவளைச் சாவி திருப்பச் சொன்னார். விளக்கு எரியவில்லை. சாவி சுவிட்சின் அடியில் வைத்தார், எரிந்தது. அங்கே கிளம்புகிற கரண்ட் இங்கே வந்து சேரவில்லை, நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். மற்ற வயரெல்லாம் பழைய தூசியோடு இருக்க, ஒரு வயரை மட்டும் யாரோ வெட்டி, புதுக் கறுப்பு டேப் சுற்றி, பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். இழுத்துப் போன இடத்தில் கரண்டைத் தடுக்கவும் விடவும் செய்கிற ஒரு ரிலே, அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பெட்டியில் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மதலேனின் போன் அடித்தது. தியரி. எங்கம்மா இருக்க என்றான். பார்வதி வீட்டு வாசலில், கார் மறுபடி நின்றுவிட்டது, சாமிக்கண்ணு வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஓ, மெக்கானிக் வந்துட்டாரா, சரிம்மா, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க என்று வைத்துவிட்டான். அவள் போனைக் கைப்பையில் போடுவதற்குள் சாமிக்கண்ணுவின் விரலுக்கு நடுவே ரிலே டக்கென்று தட்டியது. அவர் கையைச் சுட்டுக்கொண்டவர்போல விட்டார். "மதாம், நான் ஒண்ணும் தொடல. இப்ப திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினாள். கார் கிளம்பிவிட்டது.

சாமிக்கண்ணு வெளியே வந்து மழையில் நின்றுகொண்டே விளக்கினார். அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் தெரியும், வேண்டாம் என்றால் அங்கிருந்தபடியே செல்ஃபை நிறுத்திவைக்கலாம், மனசு வந்தால் விடலாம். தவணை கட்டாத வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் மாட்டுவார்கள், வீட்டு வண்டியில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். யார் மாட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆகஸ்டில் பாலிஷ் வாசனையோடு வந்து நின்ற கார் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. காலையில் ஏன் ஒரு நாளும் நின்றதில்லை என்பதும் அந்த நொடியில் விளங்கியது. இங்கே காலை என்றால் பிரான்சில் தூங்குகிற நேரம். அவன் எழுந்து, காப்பி குடித்து, ஆபீசுக்குப் போய்ப் போனைத் திறக்கும்போது இங்கே மதியம் ஆகிவிடும்.

ஆனாலும் தாய் மனசு இருக்கிறதே, அது சுலபத்தில் செத்துவிடாது. பாலிஷ் போட்ட பட்டறைக்காரன் திருட்டுத்தனமாக மாட்டியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். வண்டியை மாற்றி வேறு யாருக்கோ மாட்டவேண்டியதை மாட்டியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். சாமிக்கண்ணு கழற்றிவிடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். "பொட்டி அங்கியே இருக்கட்டும். வெளக்கும் எரியட்டும். ஆனா அது சொன்னா வண்டி கேக்கக் கூடாது. அப்படிப் பண்ண முடியுமா?" என்று கேட்டாள். அவர் வெட்டிய வயரை நேராக இணைத்து, பெட்டியைச் சும்மா கண் சிமிட்டவிட்டார். இனி அங்கிருந்து யார் எதை அழுத்தினாலும் கார் கிளம்பும்.

மறுநாள் மாலை தேங்காய்த்திட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. படகுகள் பக்கம் காரை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரான்சில் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகி அவன் போனைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். கையில் ஜெபமாலை இருந்தது. என்ன கேட்டு ஜெபிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் ஆச்சரியப்படவேண்டும், அவ்வளவுதான். கார் நிக்குதா, ஏன், என்னாச்சு என்று ஒன்றும் தெரியாதவனாகக் கேட்டுவிட்டால் போதும். அந்தப் பெட்டியை எந்தத் திருடன் தலையில் வேண்டுமானாலும் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

போன் போட்டு, கார் நின்னுடிச்சுப்பா, தேங்காய்த்திட்டுல இருக்கேன் என்றாள்.

அவன் ஆச்சரியப்படவில்லை. குரலில் அதே நிதானம், அதே அன்பு. பதட்டப்படாதம்மா, பத்து நிமிஷம் உக்காரு என்று ஆரம்பித்தான். அவன் முடிக்கும்வரை மதலேன் காத்திருக்கவில்லை. போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உறுமியது.

"எப்பிடிம்மா? நான் இன்னும்..." என்றான் தியரி. அதோடு நின்றுவிட்டான்.

ஏலக்காரர்களின் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இஞ்சினை அணைத்தாள். தலையில் இடி விழுந்தது போல் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ஜெபமாலையைச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். நீ இன்னும் என்ன, சொல்லு என்றாள்.

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். தூணில் உரசினாய், நாளைக்கு ஆள் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்றான். அப்பா இறந்தபோது விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள், அப்படி இன்னொரு போன் வந்துவிடுமோ என்று தினம் பயந்துகொண்டே படுக்கிறேன் என்றான். சொன்னால் நீ கேட்கிறவளா, அதனால் நீயாகவே அலுத்துப்போய்க் காரை விட்டுவிடுவாய் என்று பார்த்தேன் என்றான். அழுதான். பொய் அழுகை இல்லை, அவள் வளர்த்த பிள்ளை, அவளுக்குத் தெரியும். பாசத்தினால்தான் செய்தான் என்பதும் தெரிந்தது. வேறு எதற்காகச் செய்திருந்தாலும் திட்டித் தீர்த்துவிட்டு ஆறியிருப்பாள்.

"வண்டிய நிறுத்தின, அத வுடு" என்றாள். "பார்வதிய உள்ள வெச்சிக்கிட்டு வெயில்ல கெடந்தேன், அதையும் வுடு, அவ பட்ட பாடு உனக்குத் தெரியாது. டாக்டர் வாசல்ல உக்காந்து எனக்குப் புத்தி போவுதுன்னு அழுதனே தியரி. வேற யார்கிட்டயும் அழல. உங்கிட்டதான் அழுதேன். உனக்குத் தெரியும், எனக்கு ஒண்ணுமில்லன்னு. அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவன் ஒரு தடவை அம்மா என்றான். அவளே போனை வைத்தாள்.

பெட்டியைச் சாமிக்கண்ணு கழற்றிக் கொடுத்தார். தெருவில் என்ன ஆச்சு காருக்கு என்று கேட்டவர்களிடம், ஒரு வயர் லூசாக இருந்தது, சரியாகிவிட்டது என்றாள். பிள்ளை பேரைக் கெடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்த ஒரே ஆள் சாமிக்கண்ணு. வாய்ச்சவடாலுக்குப் பேர்போன அந்த மனுஷன் இந்த ஒரு விஷயத்தை யாரிடமும் திறக்கவில்லை. ஆமாங்க, லூஸ் கனெக்சன்தான், கண்டுபிடிக்க நாளாயிடுச்சு என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். பார்வதி மறுபடி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தாள். சாவியைத் திருப்பும்போது தன் கையை உற்றுப் பார்ப்பதை மட்டும் மதலேன் உடனே விடவில்லை.

கிறிஸ்துமசுக்குத் தியரி வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான், அவளும் சரி என்றாள். தினமும் போன் செய்கிறான், முன்பைவிட அதிகமாகவே செய்கிறான். அவளும் எடுத்துப் பேசுகிறாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். உடம்பு எப்படி என்றால் நல்லாருக்கேன். ஜனவரியில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள், பார்வதி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, அவனுக்குச் சொல்லவில்லை. குழம்பு என்ன என்று அவன் கேட்டால்கூட வாயில் வந்த ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். பொய் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்துச் சொல்வதில்லை. உண்மை வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் ஒரு மாலை தேங்காய்த்திட்டில் காரில் சாய்ந்து நின்று வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் போன் வந்தது. பக்கத்தில் படகு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏலக்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே காக்கைக் கூட்டம். எங்கம்மா இருக்க என்று கேட்டான்.

"வூட்லதான்" என்றாள் மதலேன்.

அந்த முனையில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். படகுச் சத்தமும் ஏலமும் காக்கையும் அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். "சரிம்மா, பாத்துப் பத்திரமா இரு" என்றான். அவள் போனை வைத்துவிட்டு மீன்காரியிடம் திரும்பினாள்.